ஆடியில் ஏற வேண்டிய ட்ராஃபிக் இறங்கிவிட்டது: ஜூன் 30 அப்டேட்டா, நானே வைத்துக்கொண்ட வினையா?

மாடித்தோட்டக்காரி | 2025 அக்டோபர் 4

வணக்கம். நான் கணினி படித்தவள் இல்லை. கேள்வி பிசகாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 2017இல் பதினான்கு பைகளில் தக்காளியும் கத்தரியும் வைத்தேன். எது பிழைத்தது, எது செத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். அதைப் பார்த்துவிட்டு என் மகன்தான் ஒரு வலைத்தளம் தொடங்கிக் கொடுத்தான். 2018 பிப்ரவரியில் கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸ் தமிழுக்கும் வந்தது. முதல் 100 டாலர் சேர எனக்குப் பதினோரு மாதம் ஆனது. அந்தப் பணத்தில் கோகோபீட் கட்டி வாங்கினேன், நன்றாக நினைவிருக்கிறது. போன வருடம் வரை மாதாமாதம் 100 டாலரைத் தாண்டி வங்கிக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிய விஷயம்.

என் தளத்துக்கு வருடத்தில் இரண்டு தீபாவளி. ஒன்று ஆடிப்பட்டம், இன்னொன்று தைப்பட்டம். ஜூன் கடைசி வாரத்திலேயே ஜனங்கள் 'ஆடிப்பட்டத்தில் என்ன விதைக்கலாம்' என்று தேட ஆரம்பிப்பார்கள். வருகைக் கோடு மலை மாதிரி ஏறும், ஆவணி பாதியில் இறங்கும். 2024 ஆடி மாதம் முழுவதும் சேர்த்து கூகுளிலிருந்து 61,000 கிளிக். இந்த வருட ஆடியில் 27,000. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள். இங்கே என் தளம் பறந்துவிட்டது.

ஜூன் 30இல் கூகுள் ஒரு கோர் அப்டேட் (தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் பெரிய மாற்றம்) ஆரம்பித்து ஜூலை 17இல் முடித்தது என்று படித்தேன். ஜூலை 17தான் ஆடி ஒன்றாம் தேதி! சரி, அதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் செப்டம்பரில் இன்னொரு குழப்பம். இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் என் பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை, மடமடவென்று குறைந்தது, ஆனால் முடிவுகளில் என் சராசரி இடம் 14இலிருந்து 11க்கு முன்னேறியிருக்கிறது. முன்னேறினால் எண்ணிக்கை எப்படிக் குறையும்?

தளத்தின் தோற்றத்தை (தீம்) மாற்று என்கிறார் ஒருவர். ஹோஸ்டிங்கை மாற்று என்கிறார் இன்னொருவர். பழைய பதிவு எல்லாவற்றையும் அழித்துவிடு என்று மூன்றாமவர். "கூகுளுக்கு உன் மேல் என்ன கோபம்?" என்று என் வீட்டுக்காரர் தினமும் காபி குடிக்கும்போது கேட்கிறார். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அப்டேட்டால்தான் குறைந்ததா, வேறு எதனாலா என்பதை நானே எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?

லிங்க் ராஜா | அக்டோபர் 4

மேடம், இது கோர் அப்டேட் பெனால்ட்டி. உங்கள் தளத்துக்கு அத்தாரிட்டி போதவில்லை. மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு 500 பேக்லிங்க் போட்டால் 30 நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடும், உத்தரவாதம். நம் பேக்கேஜ் விவரத்துக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

பாண்டாவிடம் அடிவாங்கியவன் | அக்டோபர் 4

முதலில் மேலே உள்ள தம்பிக்கு. கோர் அப்டேட் பெனால்ட்டி இல்லை. கூகுள் ஆட்கள் கையால் நடவடிக்கை எடுத்திருந்தால், தளக்காரர்களுக்கு கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் 'மேனுவல் ஆக்‌ஷன்' என்ற பக்கத்தில் அறிவிப்பு இருக்கும். அது காலியாக இருந்தால் யாரும் தண்டிக்கவில்லை. அப்புறம் அந்த 500 லிங்க். நான் வாங்கியிருக்கிறேன், தம்பி. எங்கே கொண்டுபோய் விடும் என்று கீழே சொல்கிறேன்.

சகோதரி, என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள், உங்களுக்குப் பயன்படும்.

2008இல் மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கூட்டம் இல்லாத நேரத்தில் வங்கித் தேர்வு மாதிரி வினாக்களை ஆங்கிலத்தில் போடும் ஒரு தளம் நடத்தினேன். ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு கேள்வி, கீழே விடை, சுற்றிலும் விளம்பரம். இப்படி 900 பக்கம். நல்ல வருமானம், சென்டரை விட அதிகம். 2011 பிப்ரவரியில் அமெரிக்காவில் பாண்டா வந்தது, தரமில்லாத பக்கங்களைக் கீழே தள்ளும் கூகுள் அப்டேட். அங்கே 11.8 சதவீதத் தேடல்களில் மாற்றம் தெரியும் என்று கூகுளே சொன்னது. அது அமெரிக்காக்காரன் பாடு என்று இருந்துவிட்டேன். ஏப்ரல் 11ஆம் தேதி உலகம் முழுவதும் ஆங்கிலத் தேடலுக்கு வந்தது. அடுத்த நாள் காலையில் கிராஃபைப் பார்த்தபோது சர்வர் படுத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் நான் செய்த கூத்தெல்லாம் சொன்னால் சிரிப்பீர்கள். நிறம் மாற்றினேன். ஹோஸ்டிங் மாற்றினேன். தலைப்புகளை எல்லாம் திருத்தினேன், மறுபடி பழையபடி ஆக்கினேன். ஒவ்வொன்றும் செய்த மறுநாள் கிராஃப் கொஞ்சம் அசையும், ஆகா இதுதான் என்று துள்ளுவேன். அந்த மே மாதம் கூகுளில் தேடல் பிரிவுக்குத் தலைமை வகித்த அமித் சிங்கால் 23 கேள்விகளை எழுதி வெளியிட்டார். முதல் கேள்வியே, இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பதை நீ நம்புவாயா என்பதுதான். பிரின்ட் எடுத்து சுவரில் ஒட்டினேன். ஒட்டினேனே தவிர படிக்கவில்லை. லிங்க் வாங்கப் போய்விட்டேன். 2012 ஏப்ரல் 24இல் பென்குயின் என்ற அடுத்த அப்டேட் வந்தது. வாங்கிய லிங்குக்காகவே வந்தது. பாண்டாவில் மிச்சமிருந்ததும் போயிற்று.

கடைசியில் 900 பக்கத்தை 60 ஆக்கினேன். ஒரு தலைப்புக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு விடைக்கும் எப்படி வந்தது என்ற விளக்கம். பாதிதான் திரும்பியது. முழுதும் திரும்பியது என்று பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது உங்கள் விஷயம். உங்கள் 61,000, 27,000 கணக்கு நல்ல கணக்கு, ஏனென்றால் ஆடியை ஆடியோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். பலரும் அதைக்கூடச் செய்வதில்லை. கூகுள் சொல்லும் வழக்கமான முறை, அப்டேட் முடிந்து ஒரு வாரமாவது பொறுத்து, தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரத்தோடு ஒப்பிடுவது. செய்தித் தளத்துக்கு அது சரி. உங்களைப் போல பருவத்துக்கு ஏறி இறங்கும் தளத்துக்கு அது ஏமாற்றும். ஜூன் கடைசி வாரத்தையும் ஜூலை கடைசி வாரத்தையும் எடுத்துக்கொண்டு, இரண்டு வருடமும் எவ்வளவு என்று பாருங்கள். பருவம் தானாகத் தள்ளிவிடும் ஏற்றம் எவ்வளவு என்று 2024 சொல்லும். அதைக் கழித்த பிறகு தெரிவதுதான் உண்மையான சரிவு.

ஒரு அவசரம். சர்ச் கன்சோல் 16 மாதத் தகவலைத்தான் வைத்திருக்கும். நவம்பர் பாதியில் உங்கள் 2024 ஆடி அழிய ஆரம்பித்துவிடும். இன்றைக்கே இறக்கி வையுங்கள். ஒரு தடவைக்கு 1,000 வரிதான் இறங்கும், அதனால் மாதம் மாதமாகப் பிரித்து இறக்குங்கள்.

அப்புறம் மொத்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். மொத்தக் கோடு ஒன்றும் சொல்லாது. தேடுசொல் தேடுசொல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கிளிக், இம்ப்ரெஷன், இடம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டாம் இடத்தில் இருந்தது பத்தாம் இடத்துக்குப் போயிருந்தால், அதுவும் ஜூன் 30க்கும் ஜூலை 17க்கும் நடுவில் போயிருந்தால், அப்டேட்டைச் சந்தேகப்படலாம். இடம் அப்படியே இருந்து கிளிக் மட்டும் குறைந்திருந்தால் அது வேறு வியாதி. இடமும் மாறாமல் இம்ப்ரெஷன் குறைந்தால், ஜனங்கள் தேடுவதே குறைந்திருக்கிறது.

எண்களோடு வாருங்கள்.

மாடித்தோட்டக்காரி | அக்டோபர் 6

ஐயா, இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். மகன் வீடியோ காலில் எக்செல் சொல்லிக்கொடுத்தான்.

2024 ஜூன் கடைசி வாரம் 7,200 கிளிக், ஜூலை கடைசி வாரம் 13,700. கிட்டத்தட்ட 1.9 மடங்கு ஏறியிருக்கிறது. 2025இல் அதே வாரங்கள் 7,500, அப்புறம் 6,000. நான் இதை வெறும் 1,500 குறைந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி பார்த்தால் 14,000க்கு மேல் வந்திருக்க வேண்டியது 6,000 வந்திருக்கிறது. பாதிக்கு மேல் போயிருக்கிறது. மனசு கொஞ்சம் கனத்துப்போனது.

தேடுசொல் பிரித்ததில் மூன்று தினுசு தெரிகிறது.

'ஆடிப்பட்டத்தில் என்ன விதைக்கலாம்' வகையறா எல்லாம் சராசரி இடம் 1.8இலிருந்து 9க்குப் போயிருக்கிறது. ஜூலை 3, 4 தேதியில் படி இறங்கின மாதிரி இறங்குகிறது.

'மாவுப்பூச்சி ஒழிப்பது எப்படி', 'செம்பருத்தி மாவுப்பூச்சி', 'வேப்ப எண்ணெய் எவ்வளவு கலக்க வேண்டும்' இதெல்லாம் போன வருடமும் இரண்டாம் இடம், இப்போதும் இரண்டாம் இடம். இம்ப்ரெஷன்கூடக் கொஞ்சம் அதிகம். ஆனால் நூறு கிளிக் வந்த இடத்தில் 45 வருகிறது. இது ஜூன் 30இல் ஆரம்பிக்கவில்லை. போன கார்த்திகையிலிருந்தே மெல்ல மெல்லக் கரைந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மாசியில் ஒருவர் வீட்டுக்கே வந்தார், டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆலோசகர் என்று. உங்கள் தளத்தில் கட்டுரை போதாது, கூகுளுக்குத் தீனி வேண்டும் என்றார். 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இரண்டு மாதத்தில் 180 கட்டுரை ஏற்றிவிட்டுப் போனார். எல்லாம் ஆங்கிலத்திலிருந்து ஏஐ வைத்து மொழிபெயர்த்தது. ஆப்பிள் மரத்துக்குக் கவாத்து செய்வது, பனி பெய்யும்போது ரோஜாவைப் போர்த்துவது என்று. திருச்சியில்! 'ஸ்குவாஷ் பூச்சி' என்று ஒரு கட்டுரை இருக்கிறது, அது என்ன பூச்சி என்று எனக்கே தெரியாது. ஏப்ரலில் அவற்றுக்கெல்லாம் இம்ப்ரெஷன் குபுகுபுவென்று வந்தது, நானும் சந்தோஷப்பட்டேன். கிளிக் அதிகம் இல்லை. ஜூலைக்குப் பிறகு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆகஸ்ட் கடைசியில் மிச்சமும் போய்விட்டது.

மேனுவல் ஆக்‌ஷன் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

எக்செல் ஏகாம்பரம் | அக்டோபர் 6

சென்னையில் ஒரு செய்தித் தளத்தில் இதே வேலைதான் பார்க்கிறேன், அதனால் குறுக்கே வருகிறேன். இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் கொண்டுவந்து கேட்பவர்களை எங்கள் அலுவலகத்திலேயே பார்த்ததில்லை, மேடம்.

செப்டம்பர் குழப்பம் முதலில். அது உங்கள் தப்பும் இல்லை, அப்டேட்டும் இல்லை. கூகுள் முகவரியில் ஒரு சிறு குறிப்பைச் சேர்த்தால் ஒரே பக்கத்தில் 100 முடிவுகள் வரும் என்று ஒரு வசதி இருந்தது. யார் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று கண்காணிக்கும் மென்பொருள்கள் அதை வைத்துத்தான் ஓடின. அவை திறக்கும்போதெல்லாம் எண்பதாவது இடத்தில் கிடக்கும் பக்கத்துக்கும் ஒரு இம்ப்ரெஷன் விழும். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் கூகுள் அதை நிறுத்திவிட்டது. ஆழத்தில் இருந்த அந்தப் போலி இம்ப்ரெஷன்கள் மறைந்ததும், சராசரி தானாக மேலே வந்தது. வகுப்பில் கடைசி பெஞ்சு மாணவர்கள் பரீட்சைக்கு வராவிட்டால் வகுப்பு சராசரி ஏறுமே, அந்தக் கணக்குதான். சாதன வாரியாகப் பிரித்துப் பாருங்கள். டெஸ்க்டாப்பில்தான் விழுந்திருக்கும், மொபைலில் பெரிதாக இருக்காது. கிளிக்கும் மாறியிருக்காது.

மாவுப்பூச்சி விஷயம், உங்கள் மொபைலிலேயே தேடிப் பாருங்கள். மேலே ஏஐ ஒரு பதில் எழுதிக் காட்டும். 2024 அக்டோபரில்தான் தமிழுக்கும் அதைக் கொண்டுவருவதாக கூகுள் அறிவித்தது. உங்கள் கார்த்திகைக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2025 மார்ச் மாதத் தேடல்களை எடுத்துப் பார்த்தது. ஏஐ சுருக்கம் வந்த தேடல்களில் 8 சதவீதத்தில்தான் ஜனங்கள் வழக்கமான முடிவைக் கிளிக் செய்தார்கள். சுருக்கம் வராதவற்றில் 15 சதவீதம். உங்கள் 100க்கு 45 அதே திசையில்தான் இருக்கிறது. இதைத் தனியாகப் பிரித்துக் காட்ட சர்ச் கன்சோலில் வழி இல்லை, எல்லாம் ஒரே மூட்டையில்தான் கிடக்கிறது. அதனால் இது ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம்.

ஆகஸ்ட் கடைசியில் விழுந்தது என்றீர்களே, ஆகஸ்ட் 26இலிருந்து செப்டம்பர் 22 வரை ஸ்பேம் அப்டேட் ஒன்று ஓடியது. எல்லா மொழிக்கும். ஆளை வைத்தோ மெஷினை வைத்தோ, வாசகனுக்கு உபயோகமில்லாத பக்கங்களைத் தேடலுக்காகவே மொத்தமாக உற்பத்தி செய்வது 2024 மார்ச்சிலிருந்து கூகுள் விதிப்படி ஸ்பேம். அந்த 180ம் அதன் கீழ் வந்திருக்க நல்ல வாய்ப்பு.

ஆனால் ஒரு இடத்தில் அவசரப்பட வேண்டாம் என்பேன். ஆடிப்பட்டம் பக்கம் விழுந்ததற்கும் அந்த 180தான் காரணம் என்று நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட மாதிரி தெரிகிறது. அது நிரூபணமாகவில்லை. உங்கள் இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா?

பாண்டாவிடம் அடிவாங்கியவன் | அக்டோபர் 7

ஏகாம்பரம் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். தரவரிசை பெரும்பாலும் பக்கம் பக்கமாகத்தான் நடக்கிறது, ஆனால் தளம் முழுவதற்குமான சில அளவுகோல்களும் சேர்ந்திருக்கின்றன என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. வாசகருக்கு உதவாத பக்கங்கள் நிறைந்த தளத்தைக் கீழே தள்ள 2022இல் வந்த ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட் அப்படித்தான் ஆரம்பித்தது, 2024 மார்ச்சில் அதைக் கோர் அப்டேட்டுக்குள்ளேயே கரைத்துவிட்டார்கள். உங்களிடம் சொந்தமாக எழுதியது எத்தனை? 230 இருக்குமா? அதோடு 180 குப்பை சேர்ந்தால் தளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு குப்பை. ஒரு மூட்டை அரிசியில் இவ்வளவு கல் கிடந்தால் கடைக்காரர் அரிசி நல்லது என்று சொன்னாலும் யார் வாங்குவார்கள்?

என் 900 பக்கத்தைப் பார்த்தவன், அதனால் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாடித்தோட்டக்காரி | அக்டோபர் 8

232 இருக்கிறது ஐயா. எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்?

ஏகாம்பரம் சார் சொன்னபடி தேடிப் பார்த்தேன். டெஸ்க்டாப், மொபைல் அவர் சொன்ன மாதிரியேதான்.

ஆடிப்பட்டத்துக்கு இப்போது முதலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பக்கம், அடுத்து இரண்டு யூடியூப் வீடியோ, ஒரு பத்திரிகைக் கட்டுரை. வீடியோக்காரர் ஒருவர் ஒரு பை மண்ணைக் கொட்டி, விதை எவ்வளவு ஆழம் என்று விரலை வைத்துக் காட்டுகிறார். அப்புறம் என் பக்கத்தைத் திறந்தேன். நான் எழுதி நானே படித்து வருடக்கணக்காகிறது. 2019இல் எழுதியது. ஆடி மாதத்தின் பெருமை, அம்மன் கூழ், பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரியில் எங்கள் பாட்டி கருகமணி விட்டது, இதெல்லாம் பதினான்கு பத்தி. என்ன விதைக்கலாம் என்பது அதற்கப்புறம்தான் வருகிறது. நானே விரலால் தள்ளித் தள்ளி அலுத்துப்போனேன்.

எக்செல் ஏகாம்பரம் | அக்டோபர் 8

பாட்டி கதையை அழித்துவிடாதீர்கள், தனிப் பதிவாக வையுங்கள், நான் வந்து படிப்பேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். 2019இல் கூகுள் கோர் அப்டேட்டை விளக்க ஒரு உதாரணம் சொன்னது. 2015இல் சிறந்த 100 படங்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறீர்கள். 2019இல் அதைப் புதுப்பிக்கிறீர்கள். நடுவில் நல்ல படங்கள் வந்திருக்கும், முன்பு கவனிக்காத படமும் மேலே வரலாம். கீழே போன படம் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. உங்கள் பக்கம் 2019இல் தமிழில் இதைச் சொன்ன மிகச் சிலவற்றில் ஒன்று. இன்றைக்கு அப்படி இல்லை.

180ம் காரணமாக இருக்கலாம், பதினான்கு பத்தியும் காரணமாக இருக்கலாம். வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பாண்டாவிடம் அடிவாங்கியவன் | அக்டோபர் 8

அதில் நமக்குள் சண்டை இல்லை. இரண்டையும் செய்தால் போயிற்று.

அக்கா (232 பதிவு எழுதியவரை இனி வெறும் சகோதரி என்று சொல்ல வாய் வரவில்லை), அழிப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள் என்றுதான் கூகுளும் சொல்கிறது. ஆனால் ஒரு பகுதியையே மொத்தமாக அழிக்கலாமா என்று யோசிக்கிறாய் என்றால், அந்தப் பகுதி வாசகருக்காக எழுதப்படவில்லை என்பதற்கே அது அடையாளம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. உங்கள் 180 அந்த ரகம். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். உங்கள் மாடியில் நீங்கள் செய்து பார்த்த விஷயம் இருந்தால் அதை வைத்துக்கொண்டு சொந்தமாக எழுதுங்கள். ஆப்பிள் கவாத்தெல்லாம் நீக்கி, அந்த முகவரிக்கு 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) என்ற பதில் வரும்படி மகனை வைக்கச் சொல்லுங்கள். 404 (பக்கம் கிடைக்கவில்லை) ஆனாலும் பரவாயில்லை, பெரிய வித்தியாசம் இல்லை. தயவுசெய்து எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாதீர்கள், ஆப்பிள் தேடி வந்தவன் அங்கே என்ன செய்வான்?

ஆடிப்பட்டம் பக்கத்தில் முதல் திரையிலேயே பட்டியல் வரட்டும். வெண்டை, கத்தரி, அவரை, எது எத்தனை நாளில் முளைத்தது, எந்தப் பையில் எத்தனை காய்த்தது, அந்தப் பழைய நோட்டிலிருந்து. பல்கலைக்கழகம் ஏக்கர் கணக்கில் பேசும், உங்களிடம் பை கணக்கு இருக்கிறது. முகவரியை மாற்றாதீர்கள். எழுதாமலே தேதியை மட்டும் 2025 என்று மாற்றுவதும் வேண்டாம், அது பெருங்காய டப்பாவில் உப்பு வைத்த கதை.

செய்துவிட்டு, தினமும் கிராஃப் பார்ப்பதை நிறுத்துங்கள். சின்னச் சின்ன மாற்றம் நடுவிலும் நடக்கும், ஆனால் இப்படிக் கீழே போன தளம் பெரும்பாலும் அடுத்த கோர் அப்டேட் வரை அசையாது. அப்போதும் அசையும் என்று உத்தரவாதமில்லை. மாவுப்பூச்சிக் கிளிக் திரும்பும் என்று நம்பாதீர்கள்.

லிங்க் ராஜா | அக்டோபர் 8

அண்ணே, பென்குயின் எல்லாம் பழைய கதை. 2016லிருந்து அது ரியல் டைம், எப்போதும் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது பெரும்பாலும் கெட்ட லிங்கை கூகுள் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். பென்குயின் தண்டிப்பதில்லை.

பாண்டாவிடம் அடிவாங்கியவன் | அக்டோபர் 8

சரிதான் தம்பி. கண்டுகொள்ளாத லிங்கை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

மாடித்தோட்டக்காரி | 2026 ஜனவரி 19

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வடகிழக்குப் பருவமழையில் மாடியில் தண்ணீர் தேங்கி அது ஒரு தனிக் கதை.

180இல் 163 நீக்கியாயிற்று. 17ஐ நானே எழுதினேன். ஒன்றுக்கு இரண்டு மூன்று நாள் ஆனது, சிலதுக்குப் புதிதாகப் படம் எடுக்க வேண்டியிருந்தது. ஆடிப்பட்டம் பக்கத்தைத் தலைகீழாக்கினேன். பாட்டி தனிப் பதிவாகிவிட்டார். ஏகாம்பரம் சார், வந்து படிக்கவில்லை நீங்கள்.

டிசம்பர் 11இலிருந்து 29 வரை ஒரு கோர் அப்டேட் ஓடியது அல்லவா, பத்து நாள் பொறுத்துத்தான் பார்த்தேன், சத்தியமாக. ஆடிப்பட்டம் பக்கம் 9இலிருந்து 4. ஆனால் மார்கழியில் ஆடிப்பட்டத்தை யார் தேடுகிறார்கள், நாளுக்கு ஏழெட்டுப் பேர். அதை வைத்துச் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. தைப்பட்டம் பக்கமும் அதே மாதிரி திருத்தியிருந்தேன், அது 11இலிருந்து 5. போன தையோடு ஒப்பிட்டால் மூன்றில் இரண்டு பங்கு கிளிக் வருகிறது. 163ஐ நீக்கியதாலா, பட்டியலை மேலே போட்டதாலா என்று கேட்டால், இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டேன், இனி கண்டுபிடிக்க முடியாது.

மாவுப்பூச்சி அப்படியேதான். நூறுக்கு 45 இருந்தது இப்போது 41. மேலே வரும் ஏஐ பதிலைப் படித்துப் பார்த்தேன், வேப்ப எண்ணெய், சோப்புக் கரைசல் எல்லாம் சரியாகத்தான் சொல்கிறது. வெயிலில் அடித்தால் இலை கருகும், சாயங்காலம்தான் அடிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை என் பக்கத்தில் முதல் வரியாக ஏற்றிவிட்டேன். அதையும் அது எடுத்துக்கொள்ளும் என்கிறான் மகன்.

100 டாலர் அக்டோபரிலிருந்து சேர்ந்து இந்த மாதம்தான் தாண்டியது. அந்த ஆலோசகர் போன வாரம் மறுபடி போன் செய்தார், ஏஐ பதிலுக்குள் என் பெயர் வருகிற மாதிரி செய்து தருகிறாராம், 15,000. கூட நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் போனை வாங்கி, முதலில் அந்த ஸ்குவாஷ் பூச்சி என்ன என்று சொல்லுங்கள் என்றார்.

வெண்டை ஊன்றியாயிற்று, நாலு பை. செம்பருத்தியில் இந்த முறை உண்மையாகவே மாவுப்பூச்சி வந்திருக்கிறது. அடிப்பதற்கு முன் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.